அடிக்கடி பாத்ரூம் போற அம்மா... சுகரா, வயசா, கர்ப்பப்பை இறக்கமா?

வெளியூர் கிளம்பணும்னு சொன்னாலே உங்க அம்மா காலையில இருந்து தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுறாங்களா? பஸ் வேண்டாம், ட்ரெயின்தான் வேணும்னு அடம்பிடிக்கிறாங்களா? கல்யாண மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பாத்ரூம் எந்தப் பக்கம்னு பார்த்து வெச்சுக்கிறாங்களா?

வீட்டில் இதற்கு நாம் சொல்லும் காரணங்கள் இரண்டுதான். ஒன்று, 'வயசாயிடுச்சுல்ல'. இன்னொன்று, 'சுகர் இருக்கும், செக் பண்ணு'. சுகர் டெஸ்ட்டும் எடுப்பார்கள். நார்மல் என்று வரும். அப்புறம் 'யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கும்' என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். அதற்கும் அடங்காது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அம்மா மட்டும் ராத்திரி மூன்று தடவை எழுந்து போய்க்கொண்டே இருப்பார்.

இங்கே யாரும் கேட்காமல் விடுகிற ஒரு கேள்வி உண்டு. 'கீழே ஏதாவது இறங்கின மாதிரி இருக்கா?' என்பதுதான் அது. அடக்க முடியாத சிறுநீர் அவசரமும் கர்ப்பப்பை இறக்கமும் நிறைய பெண்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. ஆனால், ஒன்றை வெளியே சொல்கிறார்கள், இன்னொன்றை மறைத்துவிடுகிறார்கள். அதனால் பாதி பிரச்னைக்குத்தான் வைத்தியம் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன புரியும், என்ன செய்யலாம் என்று பார்க்கலாம் வாங்க.

சிறுநீர்ப்பைக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

நம்முடைய சிறுநீர்ப்பை ஒரு பலூன் மாதிரி. அதன் சுவர் முழுக்கத் தசை. சிறுநீரகத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வந்து சேரும்போது அந்தத் தசை தளர்ந்து இடம் கொடுக்கும். 150 - 200 மி.லி. சேர்ந்ததும் 'போகணும்' என்று லேசாக முதல் தகவல் வரும். நாம் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போகலாம். 400 - 500 மி.லி. வரைக்கும் பெரும்பாலானவர்களால் தாங்க முடியும். பாத்ரூமில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தசை சுருங்கி, சிறுநீரை வெளியே தள்ள வேண்டும்.

சிலருக்கு இந்த ஒழுங்கு கெட்டுப்போகிறது. பை பாதிகூட நிறையாதபோதே தசை தானாகச் சுருங்க ஆரம்பித்துவிடும். அல்லது, கொஞ்சம் சேர்ந்ததுமே பை நிறைந்துவிட்டது மாதிரி மூளைக்குத் தகவல் போகும். திடீரென்று, 'இப்பவே போகணும்' என்கிற அவசரம் வரும். தள்ளிப்போடவே முடியாது. சாவியை எடுத்துக் கதவைத் திறப்பதற்குள்ளும், குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டாலும் அந்த அவசரம் கூடிவிடும். இதைத்தான் டாக்டர்கள் 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்கிறார்கள்.

இதில் முக்கியமான அறிகுறி அந்த அவசரம்தான். கூடவே பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போவது, ராத்திரி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எழுவது போன்றவையும் இருக்கலாம். சிலருக்குப் பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கசிந்தும்விடும். இன்ஃபெக்‌ஷனோ, வேறு தெளிவான காரணமோ இல்லாமல் இதெல்லாம் இருந்தால்தான் இந்தப் பெயர். அதனால், யூரின் டெஸ்ட் எடுக்காமலேயே 'இன்ஃபெக்‌ஷன்' என்று முடிவு பண்ணுவதும் தப்பு, 'இன்ஃபெக்‌ஷன் இல்லை' என்று முடிவு பண்ணுவதும் தப்பு.

தூளி தளர்ந்தால் என்ன ஆகும்?

குழந்தையைப் போடும் தூளி உங்களுக்குத் தெரியும். நம் இடுப்பெலும்புக்குக் கீழே அதே மாதிரி ஒரு தசைத் தூளி இருக்கிறது. முன்பக்க எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரைக்கும் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். இடுப்புத்தள தசைகள் என்று இதைச் சொல்வார்கள். இதற்கு மேலேதான் முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. தசை கீழிருந்து தாங்க, நார் போன்ற இணைப்புகள் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்க, உறுப்புகள் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

சுகப்பிரசவத்தின்போது இந்தத் தூளி நிறைய விரிய வேண்டியிருக்கிறது. பிறகு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலருக்குத் தசையோ இணைப்போ கிழிந்து, தளர்ந்து போகிறது. அப்போது மேலே இருக்கும் உறுப்புகள் பிறப்புறுப்பின் சுவரை அழுத்திக்கொண்டு கீழே இறங்குகின்றன. முன்பக்கச் சுவரோடு சிறுநீர்ப்பை இறங்கினால் 'சிஸ்டோசீல்', பின்பக்கச் சுவரோடு மலக்குடல் புடைத்தால் 'ரெக்டோசீல்', நடுவில் இருப்பது இறங்கினால் கர்ப்பப்பை இறக்கம். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'அடி இறங்கிடுச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கும் சிறுநீர்ப்பையோ, பிறப்புறுப்பின் மேல்பகுதியோ இறங்கலாம். 'கர்ப்பப்பையே இல்லையே, எப்படி இறங்கும்?' என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

இது யாருக்கு வரும்? நிறைய பிரசவம் ஆனவர்கள், பெரிய குழந்தையைப் பெற்றவர்கள், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தவர்கள், மெனோபாஸைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் மலச்சிக்கலோடு முக்குவது, நாள்பட்ட இருமல், உடல் பருமன், தினமும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவது, கட்டட வேலையில் சுமை சுமப்பது எல்லாமே அந்தத் தூளியின் மேல் விழும் பாரம்தான். 'எங்க பாட்டிக்கும் இருந்துச்சு' என்பதும் அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் இல்லை. இணைப்புத் திசுக்கள் எவ்வளவு உறுதியானவை என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். குழந்தை பெறாத இளம்பெண்களுக்குக்கூட அபூர்வமாக வருவது இதனால்தான்.

சரி, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

வாசலில் செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப் மடங்கிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் தடைப்படும், பைப்புக்குள் பிரஷர் ஏறும். சிறுநீர்ப்பை கீழே இறங்கும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. பை இறங்குகிறது, ஆனால் சிறுநீர்க்குழாய் அவ்வளவாக இறங்குவதில்லை. நடுவில் ஒரு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பைத் தாண்டிச் சிறுநீரைத் தள்ள, பையின் தசை அளவுக்கு மீறி உழைக்க வேண்டியிருக்கிறது. அப்படி உழைத்து உழைத்தே அது படபடப்பான தசையாக மாறி, தேவையில்லாத நேரத்திலும் சுருங்க ஆரம்பிக்கும் என்பது முக்கியமான ஒரு விளக்கம்.

இரண்டாவது, மடிப்பினால் பை முழுசாகக் காலியாவதில்லை. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஏற்கெனவே இருந்தால், மீதி சீக்கிரம் நிறைந்துவிடும் இல்லையா? அதே கதைதான். பத்து நிமிஷம் முன்னால்தான் போய் வந்தார், மறுபடியும் போகிறார். தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி வளர்வதும் எளிது. அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, இறங்கித் தொங்கும் பையின் சுவர் இழுபடுகிறது. நிறையாத பையும் 'நிறைஞ்சிடுச்சு' என்று பொய்த்தகவல் அனுப்புகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 'முன்னாடி இருமினா, தும்மினா யூரின் கசியும். இப்ப அது தானாகவே நின்னுடுச்சு. ஆனா போறதுக்குத்தான் கஷ்டமா இருக்கு' என்று சிலர் சொல்வார்கள். கேட்டால் குணமானது மாதிரி தெரியும். உண்மையில் இறக்கம் அதிகமாகி, குழாய் மடங்கிப்போனதால் கசிவு நின்றிருக்கலாம். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஏன் என்பதைக் கீழே ஆபரேஷன் பகுதியில் பார்க்கலாம். அதோடு, இறக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அவசரம் என்ற கணக்கும் கிடையாது. கொஞ்சமாக இறங்கியவருக்குப் பெரிய தொந்தரவும், நிறைய இறங்கியவருக்குச் சின்னத் தொந்தரவும் இருக்கலாம். இரண்டும் தனித்தனிக் காரணங்களால் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு.

அம்மா சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள்

'எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு' என்று எந்த அம்மாவும் நேராகச் சொல்ல மாட்டார். இப்படித்தான் சொல்வார்.

* 'அடிவயிறு கனமா, இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு.'
* 'உட்கார்ந்தா பந்து மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு.'
* 'குளிக்கும்போது கையில ஏதோ உருண்டையா தட்டுப்படுது.'
* 'காலையில ஒண்ணும் தெரியலை, சாயங்காலம் ஆனா முடியலை. படுத்தா சரியாயிடுது.'
* 'போயிட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கு.'

சிலர் கையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் சிறுநீர் கழிப்பார்கள். இதை அவர்கள் வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் கூடி, படுத்தால் குறைவது இறக்கத்தின் முக்கிய அடையாளம். நாள் முழுக்க நிற்கும்போது புவியீர்ப்பு அந்தத் தூளியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கும் பெண்களை யோசித்துப் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அந்த நாற்காலியின் அருமை, அடிவயிறு கனத்துப்போன ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது?

'அம்மாகிட்ட போய் இதையெல்லாம் எப்படிக் கேட்க?' என்று தயக்கமாக இருக்கும். உண்மைதான். முதல் தடவை கேட்டால், 'உனக்கு எதுக்குடி இதெல்லாம், சின்னப் பொண்ணு' என்று அடுப்படிக்குப் போய்விடுவார். நேராக உறுப்பைப் பற்றிக் கேட்காமல், நீங்கள் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கலாம்.

'ஏம்மா, ராத்திரி மூணு தடவை எழுந்து போறியே, தூக்கமே இல்லையே உனக்கு?'

'வயசானா அப்படித்தான்.'

'அப்படியெல்லாம் இல்லம்மா. குழந்தை பெத்த நிறைய பேருக்கு அடி கொஞ்சம் இறங்குமாம். அதனாலயும் இப்படி அடிக்கடி வருமாம். உனக்கு அந்த மாதிரி கனமா ஏதாவது இருக்கா?'

உடனே பதில் வராமல் போகலாம். ரெண்டு நாள் கழித்து, தலை பின்னும்போதோ, காய் நறுக்கும்போதோ அவரே பேச்சை எடுக்கலாம். மாமியார் என்றால் உங்களிடம் சொல்வதைவிட அவருடைய தங்கையிடம் சொல்வது எளிதாக இருக்கும், சின்ன அத்தை மூலமாகக் கேட்கலாம். மகனாக இருந்தால் விவரம் எதுவும் கேட்க வேண்டாம். 'அம்மா, லேடி டாக்டர்கிட்ட ஒரு செக்கப் போயிட்டு வரலாம், நான் வெளியில உட்கார்ந்திருக்கேன்' என்று சொன்னாலே பெரிய உதவி.

இதைப் படிக்கும் நீங்களே சமீபத்தில் குழந்தை பெற்றவராக இருந்தால், உங்களிடமே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் லேசான கனமும் அவசரமும் பலருக்கு இருக்கும், பெரும்பாலும் குறைந்துவிடும். குறையவில்லை என்றால், 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று விடாதீர்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் பயிற்சியிலேயே நிறைய சரிசெய்ய முடியும்.

தள்ளிப்போட்டால் என்ன?

உடனே உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால், விலை இருக்கிறது. ராத்திரி அவசரமாக எழுந்து இருட்டில் ஓடும் வயதான பெண்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் கோயிலுக்குப் போவதை, வாக்கிங்கை, பேரக்குழந்தையைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். முழுசாக வெளியே வந்த இறக்கத்தில் துணி உரசிப் புண்ணாகலாம். ரொம்ப முற்றிய சிலருக்குச் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் அழுத்தப்பட்டு, சிறுநீரகம் வீங்கவும் செய்யலாம்.

தண்ணீரைக் குறைப்பது இதற்குத் தீர்வு இல்லை. சிறுநீர் கெட்டியானால் பை இன்னும் எரிச்சலாகும், மலச்சிக்கல் வரும், முக்க வேண்டியிருக்கும், இறக்கம் கூடும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தேவை, வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட. இதய, சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைப் பின்பற்றட்டும்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் கணக்கு

உங்கள் மொபைலில் ஒரு நோட்ஸ் திறந்துகொள்ளுங்கள். மூன்று நாளைக்கு அம்மா எப்போது என்ன குடித்தார், எப்போது பாத்ரூம் போனார், எப்போது அவசரம் வந்தது, கசிந்ததா என்று குறியுங்கள். முடிந்தால் அளவு போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் மக்கில் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம்? எத்தனை தடவை என்பது மட்டும் தெரிந்தால் போதாது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஒவ்வொரு தடவையும் நிறைய போவார்கள், தாகமும் இருக்கும். அவசரப்படும் பையோ 80, 100 மி.லி. என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மூன்று நாள் கணக்கு டாக்டருக்குப் பெரிய க்ளூ.

மகப்பேறு டாக்டரிடமே ஆரம்பிக்கலாம். பெரிய நகரங்களில் இதற்கென்றே இருக்கும் சிறப்பு மருத்துவருக்கு 'யூரோகைனகாலஜிஸ்ட்' என்று பெயர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகளிர் பிரிவிலும் இதைப் பார்ப்பார்கள். யூரின் டெஸ்ட், சுகர் டெஸ்ட், உள் பரிசோதனை, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேன் ஆகியவை முக்கியம். உள் பரிசோதனையின்போது இருமச் சொல்வார்கள், முக்கச் சொல்வார்கள். அப்போதுதான் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். சாதாரண வயிற்று ஸ்கேன் நார்மல் என்று வந்தால் இறக்கம் இல்லை என்று அர்த்தம் இல்லை. அதைப் படுத்த நிலையில்தான் எடுக்கிறார்கள், இறக்கத்தை அளப்பதற்கான ஸ்கேனும் அது இல்லை. 'ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க' என்று திரும்பி வந்தவர்கள் மறுபடி போக இது ஒரு நல்ல காரணம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. இடுப்புத்தளப் பயிற்சி. ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948-ல் பிரபலமாக்கியதால் கீகல் பயிற்சி என்றும் சொல்வார்கள். கேஸையும் யூரினையும் ஒரே நேரத்தில் அடக்குவது மாதிரி உள்பக்கம் இழுத்து, மேலே தூக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பின்பக்கமும் இறுகக் கூடாது. ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுசாகத் தளரவிடுங்கள். எட்டுத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கீழே தள்ளுவது மாதிரி தோன்றினால் தப்பாகச் செய்கிறீர்கள், பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. ஒரு வாரத்தில் பலன் தெரியாது. மூன்று, நான்கு மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

2. அவசரம் வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் கசிவு கூடும். அப்படியே நின்று, அல்லது உட்கார்ந்து, மேலே சொன்ன தசையை வேகமாக ஐந்தாறு தடவை இறுக்கி விடுங்கள். அவசரத்தின் அலை கொஞ்சம் அடங்கும். அப்புறம் நிதானமாக நடந்து போகலாம்.

3. இடைவெளியைக் கூட்டுங்கள். இப்போது முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், அதை ஒரு மணி நேரமாக்குங்கள். ஒரு வாரம் பழகியதும் இன்னும் 15 நிமிஷம். பை மறுபடி பழக ஆறு வாரமாவது ஆகும். ஆனால், பை முழுசாகக் காலியாகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே இதை ஆரம்பியுங்கள். தேங்கி நிற்பவர்கள் அடக்கிப் பழகக் கூடாது.

4. இரண்டு முறை முயலுங்கள். சிறுநீர் கழித்ததும் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து இன்னொரு தடவை போகச் சொல்லுங்கள். முக்க வேண்டாம். பொதுக் கழிவறையில் வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் படாமல் அரைகுறையாகக் குனிந்து நிற்பது நம் பழக்கம். அந்த நிலையில் தசைகள் முழுசாகத் தளராது, பையும் முழுசாகக் காலியாகாது. டிஷ்யூ விரித்து, நன்றாக உட்காருவதே நல்லது.

5. காபி, டீ. நாலு டம்ளர் ஸ்ட்ராங் டிகிரி காபி குடிக்கிறவர் ஒன்றாகக் குறைத்தாலே வித்தியாசம் தெரியலாம். ராத்திரி தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் திரவங்களை முடித்துக்கொள்ளலாம்.

6. மலச்சிக்கலையும் இருமலையும் சரிசெய்யுங்கள். கீரை, பழம், போதுமான தண்ணீர் ஆகியவை இறக்கத்துக்கும் வைத்தியம்தான். உடல் எடை அதிகமாக இருந்தால், கொஞ்சம் குறைந்தாலே பாரம் குறையும். முக்கியமாக, வீட்டில் சிலிண்டரையும் தண்ணீர் கேனையும் இனி அம்மா தூக்கக் கூடாது. அது உங்கள் வேலை.

மாத்திரை, வளையம், ஆபரேஷன்

பயிற்சி மட்டும் போதாது என்றால் அடுத்த கட்டம். அவசரத்தைக் குறைக்க சோலிஃபெனசின், டோல்டெரோடின், மிராபெக்ரான் போன்ற மருந்துகள் இருக்கின்றன. முதல் இரண்டும் வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் தரக்கூடியவை. மலச்சிக்கல் வந்தால் இறக்கத்துக்குக் கெடுதல் என்று மேலேயே பார்த்தோம். வயதானவர்களுக்கு ஞாபகத்தைப் பாதிக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். மிராபெக்ரான் எடுக்கிறவர்கள் பிபியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பையில் ஏற்கெனவே சிறுநீர் தேங்குகிறவருக்கு இந்த மாத்திரைகள் தேக்கத்தைக் கூட்டலாம். அதனால்தான், இறக்கம் இருப்பதைச் சொல்லாமல், 'அடிக்கடி யூரின் வருது, மாத்திரை குடுங்க' என்று மட்டும் கேட்பது ஆபத்து. மெனோபாஸுக்குப் பிறகு பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அவசரத்தையும் எரிச்சலையும் குறைக்க உதவும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பெஸ்ஸரி பற்றி நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. சிலிக்கானில் செய்த சின்ன வளையம். டாக்டர் சரியான சைஸ் பார்த்து உள்ளே வைத்துவிடுவார், இறங்கிய உறுப்பை அது தாங்கிப் பிடிக்கும். மயக்க மருந்து வேண்டாம், அட்மிட் ஆக வேண்டாம். யோசனையும் புதிதல்ல, பழைய கிரேக்க மருத்துவக் குறிப்புகளில் இதற்கு மாதுளம்பழத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! ஆபரேஷனுக்கு பயப்படுகிறவர்கள், உடல்நிலை தாங்காதவர்கள், இன்னும் குழந்தை பெற நினைப்பவர்கள் ஆகியோருக்கு நல்ல வழி. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம்செய்து, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைத்துவிட்டு மறந்துவிடவே கூடாது. வளையம் வைத்ததும் அவசரம் குறைந்தால், இறக்கம்தான் முக்கியக் காரணம் என்பதற்கு அதுவே ஒரு தடயம்.

ஆபரேஷன் என்றதும் 'கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களா?' என்பதுதான் முதல் கேள்வி. எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த சுவர்களைத் தைத்துச் சரிசெய்வார்கள். இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே இழுத்துக் கட்டும் முறைகள் உண்டு. அவற்றில் பம்பாய் மருத்துவர்களான ஷிரோத்கர், புரந்தரே பெயர்களிலேயே ஆபரேஷன்கள் இருக்கின்றன. கர்ப்பவாய்க்குத் தையல் போடும் முறையில் வரும் அதே ஷிரோத்கர்தான். பிறப்புறுப்பு வழியாக வலை வைக்கும் முறை என்று யாராவது சொன்னால் நிதானமாக விசாரியுங்கள். இறக்கத்துக்காக அப்படி வைக்கும் வலைகளை விற்கக் கூடாது என்று 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

* 'இந்த அவசரம் இறக்கத்தாலதான் வருதா? ஆபரேஷன் செய்தா அது எவ்வளவு குறையும்?'
* 'இருமினா கசியற பிரச்னை ஒளிஞ்சிருக்கா? அதையும் டெஸ்ட் பண்ணீங்களா?'
* 'வளையம் வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?'

முதல் கேள்விக்குக் காரணம், இறக்கத்தைச் சரிசெய்தால் நிறைய பெண்களுக்கு அவசரம் குறைகிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. மிச்சம் இருப்பவர்களுக்குப் பயிற்சியும் மருந்தும் தொடர வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்வி, முன்னால் சொன்ன மடங்கிய பைப் விஷயம். மடிப்பு நிமிர்ந்ததும் பழைய இருமல் கசிவு திரும்ப வரலாம். முதலிலேயே தெரிந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டமிடலாம். இதெல்லாம் தெரியாமல் ஆபரேஷன் செய்துகொண்டவர், 'பணத்தையும் செலவழிச்சு, உடம்பையும் கெடுத்துக்கிட்டேன்' என்று மனசு நொந்துபோவார்.

இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்

சிறுநீரில் ரத்தம், குளிர்காய்ச்சலோடு விலாப்பக்க வலி, சிறுநீர் போகவே முடியாமல் அடைத்துக்கொள்வது, மெனோபாஸுக்குப் பிறகு ரத்தப்போக்கு, வெளியே வந்த பகுதி உள்ளே போகாமல் வலிப்பது அல்லது புண்ணாவது, முதுகுவலியோடு திடீரென்று கால் மரத்துப்போய் சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பது... இவற்றில் எது இருந்தாலும் மூன்று நாள் கணக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி அவசரப்பட வேண்டாம், ஆனால் மறந்துவிடவும் வேண்டாம். இந்த வாரம் அம்மாவின் ராத்திரித் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த வாரம் மூன்று நாள் கணக்கு. அதற்கடுத்த வாரம் டாக்டர். உள்ளே போகும்போது அம்மா வெட்கப்பட்டு, 'அடிக்கடி யூரின் வருது டாக்டர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நீங்கள் பக்கத்திலிருந்து, 'கீழ இறங்கின மாதிரியும் இருக்காம் டாக்டர்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இத்தனை வருஷமாகச் சரியான வைத்தியம் கிடைக்காமல் தடுத்தது, சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியாகவே இருக்கலாம்.